காப்பாற்றிய பிறகு: மொரீஷியஸ் தீவின் பறவைகள்

தமிழ்நாட்டிலிருந்து மொரீஷியசுக்குப் பறவை பார்க்கப் போகிறவருக்கு முதல் நாள் பெரிய ஏமாற்றமாகவே அமையும். போர்ட் லூயிஸ் நகரத்துக் குப்பைத்தொட்டி ஓரம் மைனா நடக்கும். துறைமுகத்தில் காகம் கரையும். வேலிச் செடியில் சிவப்பு மீசைச் சின்னான் கொண்டையை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கும். பொழுது சாயும்போது பச்சைக்கிளிக் கூட்டம் ஒன்று கீச்சிட்டுக்கொண்டே தலைக்கு மேலே போகும். நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டி வந்தும் ஊர்த் தெருவை விட்டு நகரவே இல்லையோ என்று தோன்றும்.

இவற்றில் ஒன்றுகூட அந்தத் தீவுக்கு உரியதல்ல. எல்லாம் மனிதர் கப்பலேற்றிக் கொண்டுபோனவை. மைனா போனது 1762-இல். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலம் அது. விளைச்சலை அழித்த வெட்டுக்கிளிகளைத் தின்னட்டும் என்று இந்தியாவிலிருந்து வரவழைத்தார்கள். ஒரு பூச்சியை அடக்க இன்னொரு நாட்டு உயிரைத் திட்டமிட்டுக் கொண்டுவந்த முதல் நிகழ்ச்சிகளில் ஒன்றாகப் பூச்சியியல் பாடநூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் 1834 முதல் வரத் தொடங்கின. அந்தக் கணக்கில் மைனா எழுபது ஆண்டு மூத்த குடியேறி. பச்சைக்கிளி கூண்டுப் பறவையாகப் போய், 1886 வாக்கில் தப்பிப் பெருகியது. சின்னான் 1892-இல் வந்தது. காகம் வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1900-ஐ ஒட்டி, பிளேக் பரவிய அச்சத்தில், எலி பிடிக்க இந்தியாவிலிருந்து கீரியையும் கொண்டுபோய் விட்டார்கள். எலிகள் குறையவில்லை. கீரிக்குத் தரையில் கூடு கட்டும் பறவைகளும் கோழிக்குஞ்சுகளும் கிடைத்தன.

அப்படியானால் தீவின் சொந்தப் பறவைகள் எங்கே? தெருவில் பார்க்கக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: விரல் நீளத்துக்கு இருக்கும் சாம்பல் நிற வெள்ளைக்கண்ணி. அது மட்டும் தோட்டங்களுக்கும் பழகிக்கொண்டது. மற்றவற்றைத் தேடித் தென்மேற்கு மலைக்காட்டுக்கோ கரையோரத்துக் குட்டித் தீவுகளுக்கோதான் போகவேண்டும்.

மொரீஷியஸ் எரிமலை கக்கிய பாறை. வயது ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டு. எந்த நிலப்பரப்போடும் ஒட்டியிருந்ததில்லை. மடகாஸ்கருக்குக் கிழக்கே 900 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் அந்தத் தீவுக்குப் பறந்தும் மிதந்தும் வர முடிந்தவையே வந்தன. வௌவாலைத் தவிர வேறு பாலூட்டி கிடையாது. முட்டை திருட எலி இல்லை, மரமேறக் குரங்கு இல்லை. பல லட்சம் ஆண்டு இப்படிக் கழிந்தால் பறவைக்கு அச்சம் என்பதே மறந்துபோகும். பறப்பதற்குக் கூடத் தேவை இருக்காது.

டோடோ அப்படி ஆனதுதான். அது ஒரு புறா. மரபணுவை 2002-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இன்று உயிரோடிருக்கும் பறவைகளில் அதற்கு மிக நெருங்கிய உறவு நிகோபார் புறா என்று தெரிந்தது. அந்தமான் நிகோபார் காடுகளில் கழுத்து மயிர் பளபளக்கத் திரிகிறதே, அதே புறாதான். முன்னோர் கிழக்கிலிருந்து தீவு தீவாகத் தாவி மேற்கே போயிருக்கவேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் தரையிறங்கி, பருத்து, இறக்கை சுருங்கி, ஒரு மீட்டர் உயரப் பறவையானது. டச்சுக் கப்பல்கள் 1598-இல் வந்தன. பொதுவாக ஏற்கப்படும் கடைசி நேரடிச் சாட்சியம் 1662-ஐச் சேர்ந்தது. ஒரு மனித ஆயுளுக்குள் முடிந்துபோன கதை.

மாலுமிகள் அடித்துத் தின்றே தீர்த்தார்கள் என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். அடித்தார்கள், தின்றார்கள் என்பது உண்மை. ஆனால் தீவின் தென்கிழக்கில் டச்சுக்காரர்கள் குடியிருந்த ஃபிரெடரிக் ஹெண்ட்ரிக் கோட்டையைத் தோண்டி, அவர்கள் தின்று போட்ட எலும்புகளை ஆராய்ந்தபோது டோடோவின் எலும்பு அகப்படவில்லை. ஆடு, மாடு, பன்றி, மீன், ஆமை தின்றிருக்கிறார்கள். கப்பலிலிருந்து இறங்கிய எலியும் பன்றியும், ஜாவாப் பக்கத்திலிருந்து வந்த குரங்கும்தான் பெரிய கொலையாளிகள். தரையில் இட்ட முட்டை அவற்றுக்குத் தடையில்லாத இரை.

டோடோவின் வரலாற்றில் இந்தியாவுக்கும் ஒரு பக்கம் உண்டு. பீட்டர் மண்டி என்ற ஆங்கில வணிகர் 1630-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சூரத்தில் இரண்டு டோடோக்களைப் பார்த்ததாகக் குறித்துவைத்தார். ஜஹாங்கீர் அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் ஓவியம் ஒன்று இன்று ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இருக்கிறது. உயிருள்ள பறவையைப் பார்த்து வண்ணத்தில் தீட்டியவற்றில் மிக நம்பகமானது அதுவே என்று பலர் கொள்கிறார்கள். ஐரோப்பிய ஓவியர்கள் கொழுத்த பொம்மையாக வரைந்த பறவையை மன்சூர் ஒல்லியாக, நிமிர்ந்த நடையில் காட்டியிருக்கிறார். ஐரோப்பாவில் தோலும் தசையும் மிஞ்சிய ஒரே டோடோ தலை ஆக்ஸ்ஃபோர்டில் உள்ளது. 2018-இல் அதை எக்ஸ்ரே முறையில் துருவிப் பார்த்தபோது பின்மண்டையில் ஈயச் சிறுகுண்டுகள் இருந்தன. லண்டனில் காட்சிப் பறவையாக வாழ்ந்து இயற்கையாகச் செத்தது என்று அதுவரை நம்பிவந்த கதை அதோடு ஆட்டம் கண்டது.

மொரீஷியஸ் அரசுச் சின்னத்தில் ஒருபுறம் டோடோ, மறுபுறம் மான். அந்த மானும் 1639-இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்தது. ஒன்று இல்லாமல் போனது, மற்றது இரவலாக வந்தது! தீவின் இயற்கை வரலாற்றை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன சின்னம் வேறு நாட்டுக்கு வாய்த்திருக்குமா என்பது சந்தேகம். 2022 மார்ச்சில், குடியரசாகி முப்பதாண்டு நிறைந்தபோது, மொரீஷியஸ் தன் தேசியப் பறவையாக உயிரோடு இருக்கும் ஒன்றை அறிவித்தது: மொரீஷியஸ் வல்லூறு.

அந்தத் தேர்வுக்குப் பின்னால் ஐம்பதாண்டு வேலை இருக்கிறது. இந்த உரை சொல்ல வந்ததும் அந்த வேலையைப் பற்றியே.

மொரீஷியஸ் வல்லூறு சிறியது. நம் வயல்வெளியில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும் வல்லூறுக்கு உறவு. திறந்த வெளியை விட்டுக் காட்டுக்குள் நுழைந்ததால் இறக்கை குட்டையாகி வட்டமானது. கிளைகளுக்கு நடுவே வளைந்து பறந்து, மரத்தில் ஒட்டியிருக்கும் பச்சைப் பல்லிகளைப் பிடிக்கும். உள்ளூர் மக்கள் அதற்கு வைத்த பெயர் கோழி தின்னி. பல்லி தின்கிற பறவைக்கு அந்தப் பழி எப்படி வந்ததோ, அந்தப் பழியோடு துப்பாக்கிக் குண்டும் வந்தது. காடு கரும்புக்கும் தேயிலைக்கும் போனது. 1940-களின் இறுதியிலிருந்து மலேரியாக் கொசுவை ஒழிக்கத் தெளித்த டிடிடி உணவின் வழியே ஏறி முட்டையோட்டை மெலியவைத்தது. 1974-இல் காட்டில் கண்டறிய முடிந்தவை நான்கு. அவற்றுள் குஞ்சு பொரித்துவந்த பேடு ஒன்றே ஒன்று.

உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் இனம் ஒற்றைப் பேட்டை நம்பி நின்றது. நார்மன் மையர்ஸ் என்ற சூழலியலாளர் 1979-இல் வெளியான தம் நூலில் இதையே எடுத்துக்காட்டாகச் சொன்னார்: பிழைக்க வாய்ப்பில்லாத இந்தப் பறவையை விட்டுவிட்டு, இதற்குச் செலவாகும் பணத்தை வேறு நூற்றுக்கணக்கான இனங்களுக்குத் திருப்பினால் என்ன? கேள்வியில் தவறில்லை. கையில் இருக்கும் பணம் எப்போதும் கொஞ்சம்தானே.

அதே 1979-இல் வேல்ஸ் நாட்டு இளைஞர் கார்ல் ஜோன்ஸ் தீவுக்கு வந்தார். திட்டத்தைச் சுருட்டி மூடுவதே அவருக்குச் சொல்லப்பட்ட வேலை. சிறுவயதிலிருந்து அடிபட்ட பருந்தையும் ஆந்தையையும் வீட்டில் வளர்த்துப் பழகியவர் அவர். மூடுவதற்குப் பதிலாக, பறவை வளர்ப்பவர்களின் கைப்பழக்கத்தைக் காட்டுக்குள் கொண்டுபோனார். வல்லூறு முட்டையிட்டதும் அதைக் கூட்டிலிருந்து எடுத்து அடைகாப்புப் பெட்டியில் வைத்தார். முட்டை பறிகொடுத்த பேடு மறுபடி முட்டையிடும். கோழி வளர்த்த எந்தப் பாட்டிக்கும் இது தெரியும். பேட்டுக்கு உடலில் தெம்பு வேண்டுமே! எனவே காட்டிலேயே வெள்ளெலியைக் காட்டிக் கூப்பிட்டு இரை கொடுத்தார்கள். பெட்டியில் பொரித்த குஞ்சுகளைக் கையால் ஊட்டி வளர்த்துக் கூட்டுப்பெட்டிகளில் வைத்து, இறக்கை முற்றிப் பறந்து தானே வேட்டையாடும்வரை உணவு வைத்தார்கள். கூட்டைச் சுற்றிக் கீரிக்கும் எலிக்கும் பொறி வைத்தார்கள்.

அறிவியல் இதழ்களுக்கு அன்று இது கொஞ்சம் மரியாதைக் குறைவான வேலையாகவே பட்டது. முதலில் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து காரணத்தை உறுதி செய், பிறகு கைவை என்பதே அன்றைய மரபு. நான்கு பறவை மிஞ்சியிருக்கும்போது ஆராய்ச்சி முடியும் முன் ஆராய்வதற்குப் பொருள் இருக்காது என்பது ஜோன்ஸின் வாதம். வாதத்தில் வென்றது அவரே. 1994-க்குள் முந்நூற்றுக்கும் மேற்பட்ட வல்லூறுகள் காட்டில் விடப்பட்டன. மேற்கே பிளாக் ரிவர் பள்ளத்தாக்கிலும் கிழக்கே பாம்பூ மலைத்தொடரிலும் அவை வேரூன்றின. அந்த ஆண்டோடு விடுவிப்பு வேலை நிறுத்தப்பட்டது. பறவை பிழைத்துவிட்டது என்று உலகமெங்கும் எழுதினார்கள். 2016-இல் ஜோன்ஸுக்கு இண்டியானாபொலிஸ் பரிசு கிடைத்தது.

வழக்கமாக இந்த இடத்தில் கைதட்டி எழுந்துபோவார்கள். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் அதிகம் பேசுவதில்லை. 2014-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த வல்லூறை மீண்டும் அபாயத்திலுள்ள இனங்களின் பட்டியலுக்கு ஏற்றியது. எண்ணிக்கை ஒரு உச்சம் தொட்டுக் கீழே இறங்கிவிட்டிருந்தது. குஞ்சு பொரிக்கப் பொந்துள்ள பெரிய மரம் போதவில்லை. பல்லி பிடிக்கத் தகுந்த காடு போதவில்லை. பறவையைக் கையால் வளர்த்துக் கூட்டிவிடலாம். காட்டை அப்படிக் கூட்ட முடியாது. மொரீஷியஸில் நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் இயற்கைக் காடு தீவுப் பரப்பில் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. அதையும் சீனக் கொய்யா எனப்படும் சிறுபழக் கொய்யாப் புதரும், இலங்கையிலிருந்து வந்த ஒருவகை வேலிச்செடியும் உள்ளிருந்து அரிக்கின்றன. தரையே தெரியாத நெருக்கத்தில் அவை முளைக்கும்போது கருங்காலி மரக்கன்று தலையெடுக்க இடமில்லை.

இளஞ்சிவப்புப் புறாவின் கதை இன்னும் சிக்கலானது. டோடோவும் நீலப்புறாவும் போன பிறகு மொரீஷியஸில் மிஞ்சிய ஒரே சொந்தப் புறா இது. 1990-ஐ ஒட்டிக் காட்டில் இருந்தவை ஏறக்குறைய பத்து. அந்தக் கடைசிப் புறாக்கள் கூடு கட்டியது எங்கே தெரியுமா? ஜப்பானிலிருந்து கொண்டுவந்து நட்ட கிரிப்டோமீரியா மரங்களில். முள்போன்ற அந்த ஊசியிலைகளுக்குள் எலியும் குரங்கும் நுழையத் தயங்கின. வந்தேறிகளால் அழிந்துகொண்டிருந்த பறவைக்கு ஒரு வந்தேறி மரம் அடைக்கலம் தந்தது.

எழுத்தாளரும் விலங்குக்காட்சிச் சாலை நிறுவனருமான ஜெரால்ட் டர்ரெல் 1976-இல் தீவுக்கு வந்தார். தங்க வௌவால்களையும் இந்தப் புறாவையும் தலைப்பிலேயே வைத்து ஒரு நூல் எழுதினார். ஜெர்சி தீவிலும் மொரீஷியஸின் பிளாக் ரிவரிலும் கூண்டில் இனப்பெருக்கம் தொடங்கியது. நல்ல பெற்றோராக இல்லாத புறாக்களின் முட்டையை வளர்ப்புப் புறாவின் அடியில் வைத்துப் பொரிக்கவைத்தார்கள். 1984-இல் பாம்ப்பிள்முஸ் தாவரவியல் பூங்காவில் முதன்முதலாகத் திறந்துவிட்டபோது கவண்கல்லுக்குப் பலியாயின. பிறகு மலைக்காட்டில் விட்டார்கள். இப்போது நானூற்றுக்கு மேல் இருக்கின்றன.

ஆனால் இந்த நானூறும் வேலையாட்களின் கையை எதிர்பார்த்து வாழ்பவை. காட்டுக்குள் தீனி மேடைகளில் நாள்தோறும் தானியம் வைக்கிறார்கள். மற்றப் பறவை நுழையாதபடி அமைத்த தட்டுகள் அவை. ஏன் வைக்கவேண்டும்? கெட்டுப்போன காட்டில் ஆண்டு முழுதும் தின்னப் பழமும் தளிரும் கிடைப்பதில்லை. அதே தட்டில் கூடும்போது தொண்டைப் புண் நோய் ஒன்று பரவுகிறது. வெளியிலிருந்து வந்த புறாக்கள் சுமந்துவந்த ஒட்டுயிரி அது. பெரியவை தாங்கிக்கொள்ளும். தாயின் தொண்டைப்பாலைக் குடிக்கும் குஞ்சு செத்துப்போகும். இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பத்துப் பறவையிலிருந்து பெருகியதால் மரபணு வகைகள் சுருங்கிவிட்டன. இப்படியே விட்டால் நூறாண்டுக்குள் இந்த இனம் அற்றுப்போகக்கூடும் என்று 2022-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஐரோப்பியக் காட்சிச் சாலைகளில் வளரும் சில புறாக்களிடம் காட்டில் தொலைந்த மரபணு வகைகள் இருக்கின்றன. அவற்றைக் கலந்தால் நிலைமை மேம்படும் என்பது அந்த ஆய்வின் யோசனை.

பச்சைக்கிளிக்கு வருவோம். தீவின் சொந்தக் கிளியான எக்கோ கிளிக்கும் இந்தியாவிலிருந்து போன செந்தார்ப் பைங்கிளிக்கும் பார்வைக்குப் பெரிய வேறுபாடு இல்லை. எக்கோ கொஞ்சம் அடர்ந்த பச்சை, பருமன் அதிகம், பேட்டின் அலகு கறுப்பு. 1980-களில் மொத்தம் பத்துப் பன்னிரண்டு கிளிகள், அவற்றில் மூன்று பேடுகள். பொந்து மரத்துக்காக இரண்டு கிளிகளும் போட்டியிட்டன. எண்ணிக்கையில் பெருகிய உறவுக்காரன் ஜெயித்தான்.

இதற்கும் கைவேலைதான் மருந்து. பணியாளர்கள் கயிற்றில் மரமேறிப் பொந்துக்குள் மழைநீர் போகாமல் அடைத்தார்கள். எலி ஏறாமல் தண்டில் வழுக்குத் தகடு சுற்றினார்கள். குஞ்சின் இரத்தம் குடிக்கும் ஈப்புழுவைக் கொல்ல மருந்து போட்டார்கள். ஒரு கூட்டில் மூன்று குஞ்சு பொரித்தால் தாய் பெரும்பாலும் ஒன்றைத்தான் கரையேற்றும். எனவே மிச்சக் குஞ்சுகளை எடுத்துக் கையால் வளர்த்தார்கள், அல்லது குஞ்சு பொரிக்காத தாயிடம் கொடுத்தார்கள். 2005-ஐ ஒட்டி இறகு உதிர்க்கும் நச்சுயிரி (வைரஸ்) நோய் பரவியபோது பல இளங்கிளிகள் மடிந்தன. தப்பியவை பெருகின. இன்று எழுநூற்றைத் தாண்டிவிட்டன. செயற்கைக் கூட்டுப்பெட்டிகளைப் பழகிக்கொண்டது இந்தக் கிளிக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம்.

பெருந்தீவில் எலியை ஒழிக்க முடியாது. குட்டித் தீவில் முடியும். மஹேபூர் ஊருக்கு எதிரே 26 ஹெக்டேர் பரப்புள்ள ஈல் ஒ செக்ரெட் தீவு 1965-இலேயே காப்பிடமானது. 1984-இல் உருவான மொரீஷியன் வனவிலங்கு அறக்கட்டளை அதைக் குத்தகைக்கு எடுத்து எலியை ஒழித்து, களை பிடுங்கி, உள்ளூர் மரங்களை நட்டது. இளஞ்சிவப்புப் புறாவோடு, செந்தலை ஃபோடிக் குருவியும் ஒலிவ நிற வெள்ளைக்கண்ணியும் அங்கே குடியேற்றப்பட்டன. மொரீஷியஸின் பெரிய நில ஆமைகள் அழிந்துபோனதால், 2000-இல் செஷல்ஸைச் சேர்ந்த அல்டாப்ரா ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆமை கருங்காலிப் பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் போடுகிறது. அந்த விதைகள் நன்றாகவே முளைக்கின்றன. கருங்காலி வளர்ந்தால் பறவைக்குக் கிளை.

தீவு சின்னது என்பதால் ஆபத்து விலகிவிடுவதில்லை. 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் அருகிலுள்ள பவளப்பாறையில் ஏறித் தட்டி நின்றது. ஆகஸ்ட் 6-இல் எண்ணெய் கசிந்தது. ஏறத்தாழ ஆயிரம் டன் காயலுக்குள் பரவியது. கரும்புச் சோகையையும் தலைமுடியையும் துணிப்பையில் அடைத்து மிதப்புத் தடுப்பு தைத்தவர்கள் பெரும்பாலும் சாதாரண மக்கள். ஈல் ஒ செக்ரெட்டிலிருந்து சில வெள்ளைக்கண்ணிகளையும் ஃபோடிகளையும் பிடித்துப் பெருந்தீவின் கூண்டுகளுக்கு மாற்றினார்கள். அந்தத் தீவின் வெள்ளைக்கண்ணிக் கூட்டத்துக்கு ஏதாவது நேர்ந்தால் விதைக்காவது சில மிஞ்சட்டும் என்ற முன்யோசனை.

வடக்கே ரவுண்ட் தீவு. ஆடும் முயலும் மேய்ந்து மண்ணே கரைந்துபோன பாறை அது. 1979-க்குள் ஆட்டையும் 1986-இல் முயலையும் அகற்றினார்கள். இன்று அங்கே இறங்க விரும்புபவரின் பை, காலணி, துணி எல்லாவற்றையும் விதைக்கும் பூச்சிக்கும் சோதிக்கிறார்கள். சிவப்பு வால் நீண்ட வெப்பமண்டலக் கடற்பறவை, ஏர் மொரீஷியஸ் விமானத்தின் வாலில் சின்னமாக இருக்கிறதே அது, இங்கே பாறை நிழலில் முட்டையிடும். ஆள் அருகே போனாலும் எழுந்து பறக்காது, அலகைத் திறந்து கத்தும். இங்குள்ள பெட்ரல் என்ற கடற்பறவை உயிரியலாளர்களுக்குத் தீராத புதிர். அட்லாண்டிக் கடலில் பிரேசிலுக்கு அப்பால் வாழும் இனமும் பசிபிக் இனங்களும் இந்த ஒரு பாறையில் சந்தித்துக் கலந்து முட்டையிடுகின்றன.

மொரீஷியஸ் நாட்டைச் சேர்ந்த ரோட்ரிக்ஸ் தீவு இன்னொரு வழியைக் காட்டுகிறது. 560 கிலோமீட்டர் கிழக்கே, 108 சதுர கிலோமீட்டர். டோடோவின் உறவான சாலிட்டேர் அங்கே வாழ்ந்தது, பதினெட்டாம் நூற்றாண்டில் அழிந்தது. மீதம் நின்ற சொந்தப் பறவைகள் இரண்டே: ஒரு ஃபோடிக் குருவி, ஒரு கதிர்க்குருவி. 1968-இல் மோனிக் புயல் அடித்துப் போனபின் ஃபோடியில் ஐந்தாறு சோடிகள் மிஞ்சின. இங்கே அடைகாப்புப் பெட்டி பெரிதாக வேலை செய்யவில்லை. மண் அரிப்பைத் தடுக்கவும் நீர்ப்பிடிப்பைக் காக்கவும் மரம் நட்டார்கள், விறகு வெட்டுவதைக் குறைத்தார்கள். பறவைக்காக நட்ட மரங்கள் அல்ல. பெரும்பாலும் அயல் மரங்கள். கதிர்க்குருவிக்குப் பிடித்துப்போனது ஆசியாவிலிருந்து வந்த பன்னீர் நாவல் புதர்! இரண்டு பறவைகளும் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. யாரும் தீனி வைப்பதில்லை.

வல்லூறுக்குச் செலவிட்ட பணமும் உழைப்பும் வீண் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. நான்கு பறவை மரம் வளரும்வரை காத்திருக்காது. ஆனால் நான்கு நானூறான பிறகு, பறவையைக் கவனித்த அளவுக்குக் காட்டையும் கவனித்தார்களா என்று கேட்கலாம். பெருந்தீவில் வேலி போட்டு, கொய்யாப் புதரை வேரோடு பிடுங்கி, உள்ளூர் மரம் வளர இடம்விட்ட காட்டுத்துண்டுகள் பிளாக் ரிவர் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. பூங்கா 1994-இல், வல்லூறு விடுவிப்பு நின்ற அதே ஆண்டில் அமைந்தது. பரப்பு 6,574 ஹெக்டேர். களை எடுத்த துண்டுகள் அதில் சிறு பகுதிதான். பிடுங்கிய இடத்தில் கொய்யா திரும்ப முளைப்பதால், ஒரு தடவை களை எடுத்த துண்டுக்கும் தொழிலாளர்கள் மறுபடி மறுபடி வரவேண்டியிருக்கிறது. புறாவுக்குத் தீனி வைக்கும் செலவும் களை பிடுங்கும் கூலியும் அங்கே ஒரே பட்ஜெட்டில்தான் போட்டியிடுகின்றன.